கொடி பறித்த இடம்

அக்கா தொலைபேசியில் கேட்டது ஒன்றுதான்.

"அங்க ஏரியில எறங்கி நீந்தலாமாடா? நீந்தலேன்னா எனக்கு முட்டி ரெண்டும் பூட்டிக்குது."

"நீந்தலாம்" என்றான் தம்பி.

அவளுடைய கணவர் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. வீட்டைக் காலி செய்துவிட்டாள். மகள் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"உன்கூடக் கொஞ்ச நாள் இருந்து பாக்கறேன். ஒத்துவந்தா அங்கேயே இருந்துடறேன். இல்லேன்னா மக வீடு."

"சரி."

போனை வைத்ததும் பக்கத்து அறையில் கிடந்த எண்ணெய் டின்களை வெளியே எடுத்துவைத்தான். தரையைத் தேய்த்துக் கழுவினான். அந்த அறையில் அதுவரை யாரும் படுத்ததில்லை.

அவன் ஏரியில் கொடி வெட்டும் படகின் ஓட்டுநர். ஏரி முன்பு கலங்கிக் கிடந்தது. பிறகு வெளியூர்ப் படகுகளின் அடியில் ஒட்டிக்கொண்டு சிப்பிகள் வந்தன. நகத்தளவு, வரிவரியாக. தூண், சங்கிலி, குழாய் வாய் என்று எதையும் விடவில்லை. தண்ணீரை உறிஞ்சி, அதிலிருந்த பச்சைப் பாசியைத் தின்று, தெளிந்ததை வெளியே விட்டன. ஏரி கண்ணாடியாயிற்று. ஜனங்கள் வந்து படம் எடுத்தார்கள். வெளிச்சம் அடிவரை இறங்கியது. அடுத்த கோடையில் அடியிலிருந்து நீர்க்கொடிகள் எழும்பிப் படகுகளின் அடியில் சுழலும் விசிறியில் சுற்றின. அப்போதுதான் இந்த வேலை வந்தது.

"உனக்கும் எனக்கும் படியளக்கறது சிப்பிதான்யா" என்பார் மேற்பார்வையாளர். "அதுக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு ஏறு."

படகின் கத்தி கொடியைப் பாதி உயரத்தில் வெட்டும். ஓடும் பட்டை அதை வாரிப் படகின் மேலே ஏற்றும். அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்க அவனுக்குத் தேவை வந்ததில்லை. ஏரிக்குள் கால் வைத்ததும் இல்லை.

அவன் அறைக்கு எதிரே கரையோரத்தில் கொடி புதராக மண்டியிருந்தது. அங்கே ஆழம் குறைவு, வெட்டும் படகு வராது. வேலை முடிந்த மாலைகளில் சின்னப் படகில் நின்று, இரும்பு வாரியைப் போட்டு வேரோடு இழுத்தான். தண்டுகளில் சிப்பிகள் கொத்துக் கொத்தாகப் பிடித்திருந்தன. இழுக்கும்போது பாதி உதிர்ந்து தண்ணீரில் விழுந்தன. விழட்டும் என்று விட்டான். கொடி போனால் போதும்.

கடைசியில் கரையிலிருந்து ஒரு நீளத் துண்டு தண்ணீர் கொடியில்லாமல் திறந்துகொண்டது. கலங்கல் அடங்கியதும் படகிலிருந்து குனிந்து பார்த்தான். அடி வெளுப்பாக இருந்தது. மணல் என்று நினைத்தான்.

அக்கா ஒரே ஒரு பையோடு வந்தாள். அறையில் கட்டிலை அமுக்கிப் பார்த்தாள்.

"புதுசா?"

"ம்."

"ஊமைக்கோட்டான். ஆமா, உனக்காகத்தான் வாங்கினேன்னு சொன்னா வாய் சுளுக்கிக்குமா?"

மறுநாள் காலை நீச்சல் உடையில், தோளில் துண்டோடு கரையில் நின்றாள்.

"இந்த இடம் மட்டும் ஏண்டா மொட்டையா இருக்கு?"

"நான்தான் பறிச்சேன். நீ நீந்த."

அவள் அவனை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு துண்டை அவன் கையில் கொடுத்துவிட்டு இறங்கினாள். முழங்கால் ஆழத்தில் நின்றாள்.

"தம்பி" என்றாள். கேலி செய்கிற குரல் இல்லை.

தெளிந்த தண்ணீரில் ரத்தம் நூலாகப் பிரிந்து போவது கரையிலிருந்தே தெரிந்தது. அவன் செருப்போடு இறங்கினான். காலுக்கடியில் உடைந்த கண்ணாடி போல நொறுங்கியது. மணல் என்று நினைத்தது முழுக்கச் சிப்பி. பழையதும், அவன் உதிர்த்ததும். அவள் கையைத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு மேலே கொண்டுவந்தான்.

மருத்துவமனையில் உள்ளங்காலிலிருந்து சிப்பி ஓட்டுத் துண்டுகளை எடுத்துவிட்டுத் தையல் போட்டார்கள். திரும்பும் வழியில் அக்கா சொன்னாள்.

"கொடி இருந்திருந்தா மெத்தை மாதிரி இருந்திருக்கும்டா. அது மேல மெதுவா நடந்து போயிருப்பேன். கால்ல குறுகுறுங்கும், அவ்வளவுதானே. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?"

"தெரியாதுக்கா."

"அதனாலதாண்டா கேக்கணும்."

அதற்குப் பிறகு அவள் ஜன்னலோரம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவன் காலையில் சமைத்து வைத்துவிட்டுப் போவான். மாலையில் வந்து கட்டு மாற்றிவிடுவான். எதிரில் நாற்காலியைப் போட்டு உட்காருவான். அவள் பேசுவாள். அவன் ம் போடுவான். இந்த அறையில் இன்னொருவர் இருமுவதும் தம்ளர் வைப்பதும் கேட்டபடி உட்கார்ந்திருப்பது அவனுக்குப் பிடித்திருந்தது. அதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை.

தையல் பிரித்த அன்று அக்கா கேட்டாள்.

"மக நாளைக்குக் கார் எடுத்துட்டு வர்றேங்கறா. போகட்டுமா?"

அவன் அவள் காலைப் பார்த்தான்.

"டாக்டர் நடக்கலாம்னாரா?"

"நடக்கலாம்னாரு."

"அப்ப சரி."

அக்கா துணிகளை மடிக்க ஆரம்பித்தாள்.

"நீ ஒருத்தண்டா. ஏரியையே பொரட்டிப் போடுவ. வாயை மட்டும் தொறக்க மாட்ட."

மறுநாள் கார் வந்தது. மகள் இறங்கவில்லை, வண்டி நிறுத்த இடமில்லை. அவன் பையைப் பின்னிருக்கையில் வைத்தான். அக்கா கண்ணாடியை இறக்கி அவனைப் பார்த்தாள். அவன் கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தான்.

வேலைக்குப் போனான். படகில் ஏறும்போது மேற்பார்வையாளர் கரையிலிருந்து கேட்டார்.

"அக்கா கெளம்பிட்டாங்களா?"

"ம்."

"மறுபடி எப்ப வர்றாங்க?"

"கேக்கலை."

"சரிதான் போ. கெழக்குப் பக்கம் ஒரு படகு மாட்டிக்கிட்டு நிக்குது. முதல்ல அங்க போ."

நடு ஏரியில் எஞ்சினை நிறுத்தினான். போனை எடுத்து அவள் எண்ணைத் தேடினான். இன்னும் வீடு போய்ச் சேர்ந்திருக்க மாட்டாள். காரில் மகள் இருப்பாள். போனைப் பைக்குள் போட்டுவிட்டுக் கத்தியை இறக்கினான்.