குழாய்க்குள் இருந்த துணி

எனக்குக் கோபம் வந்தால் தெருவுக்கே கேட்கும். அதில் எனக்குப் பெருமை கூட உண்டு. இருபத்திரண்டு வருடம் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக நின்று கால் வீங்கி, அந்தக் காசில் இரண்டாயிரத்து ஐந்தில் ஐந்து ரூம் லைன்வீடு கட்டினேன். வாடகையை வாங்கிக்கொண்டு காலாட்டியபடி சாப்பிடலாம் என்று யோசனை சொன்னவன் மட்டும் கையில் கிடைத்தால் உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவேன். ஒருவன் புதுச்சுவரில் ஆணி அடிப்பான். ஒருத்தி மோட்டாரைப் போட்டுவிட்டுத் தூங்கிப்போவாள். மூன்று பேர் என்று சொல்லிக் குடிவந்த ரூமில் ஷிப்டுக்கு ஷிப்டு ஆள் மாறிப் படுப்பார்கள்.

எல்லாம் பொறுத்தேன். கட்டி முடித்த ஆறே மாதத்தில் பொதுக் கக்கூஸ் அடைத்து முற்றமெல்லாம் நாறியபோது பொறுக்கவில்லை. கம்பி விட்டுக் குத்தினேன். நுனியில் ஒரு துணுக்குப் பனியன் துணி கறுத்துப்போய் வந்தது. மாதவிலக்குத் துணிதான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

மூன்றாம் ரூமில் திருநெல்வேலிப் பக்கத்துச் சின்னத்தாய் இருந்தாள். புருஷன் இல்லை. அவளும் மகள் வேல்விழியும் கம்பெனியில் பனியனின் பிசிர் நூல் வெட்டுகிறவர்கள். மற்ற ரூம்களிலும் பெண்கள் இருந்தார்கள். அது என் புத்தியில் ஏறவில்லை.

"ஏம்மா சின்னத்தாயி, தூரத்துணிய எங்க போடோணும்னு உம் புள்ளைக்குச் சொல்லித்தரலியா?"

தண்ணீர் பிடிக்க நின்றவர்கள் அத்தனை பேரும் வேல்விழியைப் பார்த்தார்கள். பதினேழு வயதுப் பெண். குடத்தை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"எம்மவ அப்படிச் செய்ய மாட்டா அண்ணாச்சி."

"அப்பறம் துணி நடந்து வந்துச்சா? நாளைக்கே ஊட்டைக் காலி பண்ணு!"

மறுநாளே போனார்கள். அடைப்பு எடுக்கிற செலவு போக மீதி அட்வான்ஸை ஞாயிற்றுக்கிழமை வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லியிருந்தேன்.

ஞாயிறு காலை பிளம்பர் குருசாமி குழாயின் வளைவை உடைத்தார். தேங்காய்ப் பருமனில் ஒரு துணிப்பந்து வந்தது. ஒரு பக்கம் சிமெண்ட் பிடித்துக் கல்லாகியிருந்தது. சுற்றிலும் கட்டுக்கம்பி.

"மாஸ்டருங்க, இது கட்டட வேலையப்ப குழாய் வாயில அடைச்சதுங்க. எடுக்க மறந்துட்டாங்களாட்ட இருக்குது."

மறந்தவன் நான்தான். சிமெண்ட் உள்ளே விழாமல் இருக்கக் கொத்தனார் சாக்குத்துணி கேட்டார். திருப்பூரில் எவன் சாக்கைத் தேடுவான்? கம்பெனி வேஸ்ட் துணியை என் கையாலேயே சுருட்டிக் கம்பி கட்டித் திணித்தேன். அது உள்ளே நழுவி வளைவில் உட்கார்ந்திருக்கிறது. என் மேலேயே வந்த ஆத்திரத்தில் அதை எட்டி உதைத்தேன். உருண்டுபோய்ச் சின்னத்தாயின் காலடியில் நின்றது. எப்போது வந்தாளோ, குருசாமி சொன்னதையெல்லாம் கேட்டிருந்தாள்.

நான் அட்வான்ஸை முழுசாக நீட்டினேன். சாவியையும் நீட்டினேன்.

"மறுபடி வந்துருங்கம்மா."

அவள் எதையும் தொடவில்லை. "என்னைய ஒண்ணும் சொல்லலியே அண்ணாச்சி. எம்மவளைத்தான சொன்னீய. அந்தா நிக்கா பாருங்க."

வேல்விழி கேட்டுக்கு வெளியே நின்றாள். உள்ளே கால் வைக்கவில்லை. தண்ணீர்க் குழாயடியில் அதே ஆட்கள், அதே குடங்கள். அவர்களுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

"அந்தத் துணி நான் வெச்சதுதான் கண்ணு" என்றேன்.

வேல்விழி முதல்தடவையாக என் முகத்தைப் பார்த்தாள்.

"அன்னைக்குத் தெருவுக்கே கேட்டுச்சு" என்றாள். "இன்னைக்கு எனக்கே கேக்கலையே."