பூங்காப் பக்கத்துக் கண்ணாடி

என் மனைவி துடைத்த கண்ணாடியில் ஈ உட்கார்ந்தாலும் திட்டு எனக்குத்தான் விழும். அப்படி ஒரு சுத்தப் பைத்தியம். மாடிக் கட்டடங்களுக்குக் கண்ணாடி துடைப்பது எங்கள் தொழில். அவள் கயிற்றில் தொங்கித் துடைப்பாள், நான் மொட்டைமாடியில் கயிற்றைப் பார்த்துக்கொள்வேன். வீட்டிலும் வேலை அவளுக்கு, வேடிக்கை எனக்கு என்பார் என் மாமியார்.

பூங்காவை ஒட்டிய ஆறு மாடி அலுவலகம்தான் எங்களுக்குச் சோறு போட்டது. அவள் துடைத்து முடித்தால் குளமும் மரங்களும் கட்டடத்துக்குள்ளேயே இருப்பதுபோலத் தெரியும். மேலாளர் வருகிறவர்களையெல்லாம் கூட்டிவந்து காட்டுவார். இவளுக்குத் தலைகால் புரியாது.

ஒரு நாள் துடைத்து முடித்துக் கீழே இறங்கியவள் செடிகளுக்கிடையில் குனிந்தபடியே நின்றாள். ஒரு தேன்சிட்டு, கழுத்து துவண்டு கிடந்தது. உடம்பில் சூடு ஆறவில்லை. பக்கத்தில் இன்னும் இரண்டு, காய்ந்துபோய்.

"பூனை அடிச்சிருக்கும்" என்றேன், மாடியிலிருந்து இறங்கி வந்து.

"பூனை அடிச்சா தின்னாம போகுமா? கண்ணாடியில தெரியிறதை நெஜ மரம்னு நெனச்சு மோதிடுதுங்க. நான் பளபளன்னு தொடைக்கத் தொடைக்க சாவுதுங்க."

அன்று அவள் சாப்பிடவில்லை.

அடுத்த முறை வெள்ளைப் பெயிண்ட் பேனாவோடு வந்தாள். பூங்காப் பக்கம் முதல் மாடி முழுக்க, மூன்று விரல் இடைவெளியில் புள்ளி புள்ளியாக வைத்துவிட்டாள். அவள் இறங்கியதும் நான் மொட்டைமாடியிலிருந்து கீழே ஓடி வந்தேன். ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டிய வாரம் அது. அது கைவிட்டுப் போனால் வாடகைக்கே திண்டாட்டம்.

"தொடைக்கிறவளே அழுக்குப் பண்ணா நாளைக்கு யாருடி நம்மளக் கூப்பிடுவான்?"

நான் கத்தி முடிப்பதற்குள் மேலாளர் வந்துவிட்டார். "என்னம்மா, கண்ணாடிக்கு அம்மை போட்டிருக்கா?"

அவள் நடந்ததைச் சொல்லிவிட்டு, வாசல் கண்ணாடிக் கதவைக் காட்டினாள். அதில் கண் உயரத்துக்கு ஒரு சிவப்புப் பட்டை இருந்தது. போன வருடம் அவள் துடைத்த கதவில், திறந்திருக்கிறது என்று நினைத்து மேலாளர் முட்டிக்கொண்ட பிறகு ஒட்டியது.

"உங்களுக்கு மூக்கு வீங்குச்சு, உடனே பட்டை ஒட்டினீங்க. அதுங்களுக்கு உசுரே போகுது சார்."

மேலாளரின் கை தானாக மூக்குக்குப் போனது. சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

"சரி, முதல் மாடி மட்டும் இருக்கட்டும்."

"மேல் மாடிக்கு வர்ற குருவி படிக்கட்டுல எறங்கி வருமா சார்?"

அவர் என்னைப் பார்த்தார். நான் கயிற்றைப் பார்த்தேன்.

"பூங்காப் பக்கம் முழுக்க வெச்சுத் தொலைங்க. மத்த மூணு பக்கமும் பளிச்சுனு இருக்கணும். நாளைக்கு வந்து கையெழுத்துப் போடுங்க" என்று உள்ளே போய்விட்டார்.

ஆறாவது மாடியில் அவள் கடைசிப் புள்ளிகளை வைத்துக்கொண்டிருந்தபோது ஒரு தேன்சிட்டு நேராகக் கண்ணாடியைப் பார்த்துப் பறந்து வந்தது. கடைசி நொடியில் அது சட்டென்று திரும்பி, மேல் விளிம்பில் உட்கார்ந்து, அப்போதுதான் துடைத்த கண்ணாடியில் எச்சம் போட்டது.

நான் திட்டு வாங்கத் தயாரானேன்.

அவள் துணியை எடுக்கவே இல்லை. "இருக்கட்டுங்க. உசுரோட இருந்தாத்தானே எச்சம் போடும்" என்றாள்.