அடிமனைக் கெடு

சவரி மேஸ்திரிக்குக் கையெழுத்து மட்டும்தான் போட வரும். வாசிப்பதெல்லாம் அவர் மனைவி ராஜமேரியின் வேலை. கோயிலில் வாசகம் வாசிக்கிறவள், தெருப் பெண்களுக்குக் கடுதாசி எழுதிக் கொடுக்கிறவள், டிரங்குப் பெட்டியில் கிடந்த சொந்த வீட்டுப் பத்திரத்தை முப்பது வருஷத்தில் ஒரு தரமாவது பிரித்துப் பார்த்திருக்கக் கூடாதா? பார்க்கவில்லை. தெரிந்த விஷயத்தில் பார்க்க என்ன இருக்கிறது என்று இருந்துவிட்டாள்.

வீடுதான் அவர்களுடையது. அடிமனை அவர்களுடையதல்ல. அரூரில் நிலபுலத்தோடு இருந்த கிருஷ்ணப்பனிடம் வெறும் மனையை முப்பது வருஷக் குத்தகைக்கு எழுதி வாங்கி, கல்லும் மண்ணும் தானே சுமந்து சவரி கட்டிய வீடு அது. கல்யாணமாகி வந்த முதல் ஈஸ்டர் முடிந்து மறுநாள் திங்கட்கிழமை பத்திரம் பதிந்தார்கள். திருநாளுக்கு எடுத்த சேலையையே கட்டிக்கொண்டு ராஜமேரியும் பத்திர ஆபீசுக்குப் போயிருந்தாள். கெடு முடிவதற்குள் வந்து ஒரு வார்த்தை கேட்டால் இன்னும் முப்பது வருஷம் நீட்டித் தருவதாகவும், கேட்காமல் விட்டால் கட்டடத்தைப் பிரித்துக்கொண்டு மனையைக் காலி செய்ய வேண்டும் என்றும் கிருஷ்ணப்பன் வாயாலும் சொன்னார், பத்திரத்திலும் எழுதினார். அன்றையிலிருந்து புருஷன் பெண்டாட்டி இருவர் மனதிலும் கெடு என்றால் முப்பது வருஷம் கழித்து வரும் ஈஸ்டர் திங்கள். அந்த வீட்டில் மூன்று பிள்ளை பெற்றார்கள், ஒன்றைப் பறிகொடுத்தார்கள், மூத்தவள் ஞானமேரியைக் கட்டிக்கொடுத்தார்கள். திங்கட்கிழமை மட்டும் மாறவில்லை.

1981 வந்தது. கிருஷ்ணப்பன் போய்ச் சேர்ந்து, அவர் மகன் மாதேஸ்வரன் கைக்கு எல்லாம் வந்திருந்தது. சாம்பல் புதன் அன்று காலைப் பூசை முடிந்து வந்த சவரி, கொடியிலிருந்த வெள்ளைச் சட்டையை எடுத்து மாட்டினார்.

"கெடு நெருங்குது புள்ள. மாதேஸ்வரன் வூட்டுக்குப் போயி ஒரு வார்த்த கேட்டுட்டு வந்துடறேன்."

"நெத்தியில சாம்பலோட போயி வூட்டுக் காரியம் பேசுவாங்களா?" என்றாள் ராஜமேரி. "தபசு காலம் இன்னிக்குத்தான் ஆரம்பிக்குது. நாப்பது நாளைக்கு நல்ல காரியம் எதுவும் தொடங்கறதில்லன்னு உங்களுக்குத் தெரியாதா? ஈஸ்டரு முடியட்டும், ரெண்டு பேருமா போலாம்."

"அன்னிக்குத்தான கெடுவே?"

"அன்னிக்குள்ள கேட்டாப் போதுமில்ல."

அவள் சொன்னால் சொன்னதுதான். மனுஷன் சட்டையைக் கழற்றிக் கொடியிலேயே போட்டுவிட்டு, கொத்துக் கரணையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார்.

ஈஸ்டருக்கு மறுநாள் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு போய் நின்றார்கள். மாதேஸ்வரன் உட்கார வைத்துக் காப்பி கொடுத்தார். பத்திரத்தை வாங்கிப் பார்த்தவர் முகம் மாறிவிட்டது.

"மேஸ்திரி, மார்ச் இருபத்தஞ்சோட கெடு முடிஞ்சிருச்சுங்களே."

சவரி சிரித்தார். "இல்லீங்க. இன்னிக்குத்தான் ஈஸ்டரு திங்கக்கெழம."

"ஈஸ்டருன்னு ஒண்ணும் போடலீங்களே. தேதிதான போட்டிருக்குது."

ராஜமேரி பத்திரத்தைக் கையில் வாங்கினாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்றாம் வருஷம் மார்ச்சு மாதம் இருபத்தாறாம் தேதி. எழுத்துக் கூட்ட வேண்டிய அவசியமே இல்லாமல் பளிச்சென்று இருந்தது. ஈஸ்டர் வருஷத்துக்கு வருஷம் தேதி மாறுகிற திருநாள். ஐம்பத்தொன்றில் மார்ச்சிலேயே வந்துவிட்டது, இந்த வருஷம் ஏப்ரல் பத்தொன்பதுக்குத் தள்ளிப்போயிருந்தது. கோயில் காலண்டரை வருஷா வருஷம் வாங்கி ஆணியில் மாட்டுகிறவளுக்கு இது தெரியாததா? தெரியும். வீட்டுக் கெடுவோடு அதைச் சேர்த்துப் பார்க்கத்தான் தோன்றவில்லை. இருபத்தாறு நாள் தாண்டியிருந்தது.

"எங்கப்பா சொன்ன சொல்லுக்காவ அந்த வாரம் பூரா வெளியூரு போவாம வூட்லயே இருந்தனுங்க," என்றார் மாதேஸ்வரன். "நீங்க வரல. மவ வூட்டோட போயிருவீங்க போலன்னு நெனச்சுட்டேன். லாரி செட்டு போடறவங்களுக்கு ஒண்ணாந் தேதியே எழுதிக் குடுத்துட்டனுங்க. இனி எம் பேச்சு அங்க செல்லாதுங்க. ஆடி வரைக்கும் இருங்க, அத நான் சொல்லி வெக்கறேன்."

அவரைத் திட்டவாவது முடிந்திருந்தால் ராஜமேரிக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். திட்டுவதற்கு அவர் ஒன்றும் செய்யவில்லை. சாம்பல் புதன் அன்றைக்கே போகப் புறப்பட்ட மனுஷனைத் தடுத்தது அவள்தான்.

திரும்பி வரும்போது, "நாந்தாங்க..." என்று ஆரம்பித்தாள்.

"நீ சும்மா இரு. மறந்தது நானு."

ஊரெல்லாம் அப்படியே சொன்னார். கோயில் வாசலில் கேட்டவர்களிடமும் அதையே சொன்னார். ஞானமேரி வந்து அப்பாவைப் பிடித்துக் கத்தியபோதும் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார். பக்கத்தில் நின்ற ராஜமேரிக்கு வாய் திறக்கவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் மண்டியிட்டுச் சாமியாரிடம் சொன்னாள். இது பாவமில்லையம்மா, தெரியாமல் செய்தது என்று அவர் அனுப்பிவைத்தார். பாவம் என்று சொல்லி ஒரு தண்டனை கொடுத்திருந்தால் செய்து தீர்த்திருப்பாள்.

ஆடி பிறப்பதற்கு முன்னால் சவரி ஏணி போட்டு ஏறிக் கூரை ஓடுகளை ஒவ்வொன்றாக இறக்கினார். கீழே நின்று அவள் வாங்கி அடுக்கினாள். கதவையும் சட்டங்களையும் வண்டியில் ஏற்றினார்கள். சுவரை என்ன செய்வது? லாரி செட்டுக்காரர்கள் ஒரே காலையில் அதைத் தள்ளிவிட்டார்கள். போக வேண்டாம் என்று அவள் எவ்வளவோ சொல்லியும் சவரி போய், கடைசிக் கல் விழும் வரை எதிர்ப்புறம் நின்றுவிட்டு வந்தார்.

அதற்குப் பிறகு அவர் சரியாக இல்லை. வாடகை வீட்டில் தண்ணீர்ப் பானை எங்கே என்று கேட்பார். வேலைக்குப் போனால் கரணையை விட்டுவிட்டு வருவார். பிறகு வேலைக்கே போகவில்லை.

அடுத்த வருஷம் சாம்பல் புதன் பூசைக்குக் கையைப் பிடித்து அழைத்துப் போய் வந்தாள். அடுப்பில் உலை வைத்துவிட்டுத் திரும்பினால், வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார். நெற்றியில் சாம்பல் அப்படியே இருந்தது.

"கெடு நெருங்குது புள்ள. கிருஷ்ணப்பரு வூட்டுக்குப் போயி ஒரு வார்த்த கேட்டுட்டு வந்துடறேன்." அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, பயந்த குரலில், "தபசு காலம்னு சொல்லிராத," என்றார்.

"சொல்லலீங்க," என்றாள். "இருங்க, நானும் வரேன்."

உலையை இறக்கிவைத்துவிட்டு, பெட்டியிலிருந்த பத்திரத்தை எடுத்து மடியில் செருகிக்கொண்டாள். நெற்றிச் சாம்பலை இருவருமே துடைக்கவில்லை. அவர் முன்னால் வேகவேகமாக நடந்தார். கடைவீதியில் அவரைக் கொஞ்சம் நிற்கச் சொல்லிவிட்டு, ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கினாள்.