கோதுமை விரதம்

பொதட்டூர்பேட்டை மணவாளனுக்கு முருகன்மேல் பக்தி ஜாஸ்தி. முருகனுக்குத்தான் அவன்மேல் என்ன கோபமோ, முழங்கை, முழங்கால், முதுகு எல்லாம் கொப்புளம். லுங்கித் தறியில் கை இருந்த நேரத்தைவிட முதுகில் இருந்த நேரம் அதிகம். வயிறோ சாப்பிட்ட கையோடு உப்பிக்கொண்டு, பக்கத்து வீட்டுக்குக் கேட்கிறமாதிரி உறுமும்.

சொறி தீர வேண்டி, கிருத்திகைதோறும் சோறு தொடமாட்டேன் என்று திருத்தணி மலைப்படியில் நேர்ந்துகொண்டான். விரதமென்றால் ஊரில் சோறுதான் விலக்கு, ரேஷன் கோதுமை விலக்கில்லை. மனைவி ரஞ்சிதம் பாசமாகச் சப்பாத்தி தேய்த்துப் போட்டாள். சொறி கூடியது. சாமி சோதிக்கிறார் என்று செவ்வாய், வெள்ளியையும் சேர்த்தான். இன்னும் கூடியது. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுக்கும்வரை சோறே வேண்டாமென்று மார்கழியில் சபதம் போட்டான். தை பிறந்து முடிவதற்குள் வேட்டி இடுப்பில் நிற்கவில்லை.

ரஞ்சிதம் அவனை மெட்ராஸ் தோல் டாக்டரிடம் இழுத்துப்போனாள். டாக்டர் கொப்புளத்தைப் பார்த்துவிட்டுச் சாப்பாட்டையே விசாரித்தார். சில உடம்புக்குக் கோதுமை ஆகாது, குடலையும் கெடுக்கும், தோலிலும் வெடிக்கும், அறவே விட்டுவிடு, மாத்திரையும் போடு, ஆற மாசக்கணக்காகும் என்றார். ரவை, மைதா, சேமியாவும் அதே வம்சமாம்.

திரும்பும் ரயிலில் மணவாளனுக்கு வேறு கவலை. சொறியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நேர்ந்ததை மீறிவிட்டு எந்த முகத்தோடு காவடி தூக்குவது?

“சோறு துன்னா சாமி குத்தம், சப்பாத்தி துன்னா ஒடம்பு குத்தம். நான் இன்னாத்த துன்றது ரஞ்சிதம்?”

“நம்ம சாமி கெழவன் வேஷத்துல வந்து வள்ளிகிட்ட இன்னா வாங்கித் துன்னாரு? சப்பாத்தியாங்க?”

மணவாளன் யோசித்தான். “தேனும் தினை மாவும்.”

“ஆங். அதுல சோறும் இல்ல, கோதுமையும் இல்ல. அவருக்கே செரிச்சுது, ஒங்களுக்குச் செரிக்காதா?”

மறுநாள் முதல் தினை அடை, தினைக் களி, தினைக் கஞ்சி. வயிறு முதலில் வாயை மூடியது. தோல் கொஞ்சம் முரண்டு பிடித்து, சித்திரைக்கு மேல்தான் அடங்கியது.

ஆடிக் கிருத்திகைக்கு வெறும் முதுகில் பழைய தழும்போடு காவடி எடுத்து மலை ஏறினான். ஒரு இடத்திலும் சொறிய நிற்கவில்லை. இறங்கியதும் ரஞ்சிதம் தூக்கைத் திறந்து தயிர்சோறு கொடுத்தாள். பக்கத்தில் யாரோ ஒரு பக்தர் ரவாகேசரி வழங்கிக்கொண்டு வந்தார். மணவாளன் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பயபக்தியோடு மனைவியிடம் கொடுத்தான்.

சாமி பிரசாதத்தை வீணாக்கக் கூடாதென்று அவன் பங்கையும் அவளே தின்றாள்.