பொதுவில் கேட்ட மாப்பு

பதுளைக் கடைவீதியில் வளையல் கடை தாஸிமுக்கும் துணிக்கடை ஷுக்ரிக்கும் இருந்த சிநேகிதத்தைப் பார்த்து வயிறெரியாதவர்கள் குறைவு. ஷுக்ரியின் மகன் புவாத்துக்குத்தான் தாஸிமின் மகள் றஷீதா என்று நாலு வருஷத்துக்கு முன்னாலேயே பேசி முடித்தாகிவிட்டது. அந்த வாக்கை நம்பி, வீடு தேடி வந்த இரண்டு நல்ல சம்பந்தங்களைத் தாஸிம் திருப்பி அனுப்பினான். றஷீதாவுக்கு இப்போது வயது இருபத்திரண்டு. அந்தக் காலத்தில் அது கொஞ்ச வயதல்ல. இனிப் புவாத் இல்லையென்றால் அவளுக்கு வேறு மாப்பிள்ளை கிடைப்பது கஷ்டம் என்று தாஸிமுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். இரண்டு பேருமாக ஹஜ்ஜுக்குப் போய் வந்ததும் நிக்காஹ் என்று ஷுக்ரியே சொல்லியிருந்தான்.

ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறவர் ஊரெல்லாம் சுற்றி மாப்புக் கேட்பது வழக்கம். தெரிந்தோ தெரியாமலோ செய்த பிழையை மன்னியுங்கள் என்பார். என்ன பிழை என்று எதிரில் நிற்பவர் கேட்கக் கூடாது, அது மரியாதையில்லை. மன்னித்தேன் என்று கட்டிப்பிடித்து அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்த கையோடு பள்ளிவாசல் முற்றத்தில் ஷுக்ரி தாஸிமின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு கேட்டான். அவன் கண் கலங்கியிருந்தது. கூடவே பயணம் வருகிறவனிடம் என்ன மாப்பு என்று தாஸிம் சிரித்தான். பிறகு, எது செய்திருந்தாலும் அல்லாஹ்வுக்காக மன்னித்தேன் என்று நூறு பேர் கேட்கும்படி சொன்னான். எதை மன்னித்தோம் என்று அவனுக்கு அப்போது தெரியாது.

அந்த நாளில் ரயில் பண்டாரவளை வரைக்கும்தான். அதுவரை மாட்டு வண்டி, பிறகு கொழும்பு, பிறகு கப்பல். வளையல் வாங்கப் பம்பாய்க்குப் போய்ப் போய்த் தாஸிமுக்கு உருது தண்ணீர்பட்ட பாடு. ஷுக்ரிக்கோ தமிழையும் சிங்களத்தையும் விட்டால் ஒரு பாஷையும் கிடையாது. சோறு வேண்டும், தண்ணீர் வேண்டும் என்பதைக்கூட வழி நெடுகத் தாஸிம்தான் கேட்டுக் கொடுத்தான். மக்காவும் மதீனாவும் முடிந்தன. அரபாத் வெளியில் தன் மகளுக்குக் கேட்ட துஆவைப் புவாத்துக்கும் சேர்த்தே தாஸிம் அழுது கேட்டான். கலீபாவின் தலைநகரைப் பார்க்காமல் ஊர் திரும்புவதா என்று ஷுக்ரி ஒற்றைக்காலில் நின்றதால், மதீனாவுக்குப் புதிதாக வந்திருந்த ரயிலில் ஏறி, பெய்ரூத்தில் கப்பல் பிடித்து, இரண்டு பேரும் இஸ்தம்பூலில் போய் இறங்கினார்கள்.

அது தை மாதக் கடைசி. பனி தூறிக்கொண்டிருந்தது. பதுளைக் குளிரையா குளிர் என்றோம் என்று தாஸிம் வெட்கப்பட்டான். குன்றுக்குக் குன்று பள்ளிவாசல், கீழே எங்கு பார்த்தாலும் கடல். ஊரில் துருக்கித் தொப்பி போட்டவன் பெரிய மனுசன். இங்கே மீன் விற்கிறவனும் மூட்டை சுமக்கிறவனும் அதையே போட்டிருந்தான். ஷுக்ரிக்கு அதில் கொஞ்சம் மனவருத்தம். விடுதியில் அறிமுகமான ஒரு லாகூர்க்காரர் துருக்கி பேசுவார். அவரை முன்னால் விட்டு, வாயைப் பிளந்துகொண்டு இவர்கள் பின்னால் போனார்கள். அயா சோபியாப் பள்ளிவாசலின் கூரையை அண்ணாந்து பார்த்துக் கழுத்துப் பிடித்துக்கொண்டது. பெரிய பாலத்தில் வெள்ளை அங்கிக்காரர்கள் நின்று ஆளுக்கு ஆள் சுங்கம் வாங்கினார்கள். குதிரை ட்ராமுக்கு முன்னால் ஒருவன் கொம்பு ஊதிக்கொண்டே ஓடினான், நடுத்தெருவில் படுத்திருந்த நாய்கள் அவனையும் மதிக்கவில்லை. தேநீருக்குப் பால் கேட்ட ஷுக்ரியைக் கடைக்காரன் ஏற இறங்கப் பார்த்தான். தாஸிம் வாழ்க்கையில் அப்படிச் சிரித்து வெகுகாலம். சம்பந்தியோடு உலகம் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று லாகூர்க்காரரிடம் பெருமை வேறு அடித்துக்கொண்டான்.

நாலாம் நாள் கூரை போட்ட பெரிய பஜாருக்குப் போனார்கள். மருமகளுக்கு வெள்ளிக் காப்பு எடுக்க வேண்டும் என்றான் ஷுக்ரி. தாஸிமுக்குத் தலைகால் புரியவில்லை. மகளுக்கு வரும் சீரை வாப்பாவே நின்று, லாகூர்க்காரர் வாயால் பேரம் பேசி, கடைக்காரனைப் பாதி விலைக்கு இறக்கினான். பிறகு ஷுக்ரி இடுப்பு வாரிலிருந்து முடிச்சுப் போட்ட ஒரு நூலை எடுத்துக் காப்புக்குள் வைத்து அளந்தான்.

இருபது வருஷமாகப் பதுளையிலும் ஹாலிஎல தோட்டத்து லயங்களிலும் பெண்களுக்கு வளையல் விற்றவன் தாஸிம். கையைப் பார்த்தாலே அளவு சொல்லுவான். சொந்த மகளின் கை அவனுக்குத் தெரியாதா? இந்த நூல் ஒரு விரற்கடை கூட. யாரோ தப்பாக அளந்துவிட்டார்கள், றஷீதாவின் கைக்கு இது கழன்று விழும் என்று சொல்லிச் சின்னக் காப்பொன்றை எடுத்தான். இதுவே இருக்கட்டும் என்றான் ஷுக்ரி. வளையல்காரன் மகளுக்கே அளவு தப்பினால் ஊர் சிரிக்காதா என்று தாஸிம் நூலைப் பிடுங்கினான். ஷுக்ரி வெடுக்கென்று அதைத் திரும்பப் பறித்தான். பறித்த வேகத்தில் அவன் முகம் வெளிறிவிட்டது.

தாஸிம் சின்னக் காப்பைக் கீழே வைத்தான். அது யாருடைய அளவு என்று மெதுவாகக் கேட்டான்.

பண்டாரவளை நிஸாமின் மகளுடையது என்று ஷுக்ரி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். நிஸாமுக்கு மூன்று கடை, ஒரே மகள். நோன்புக்கு முன்பே புவாத்துக்கு அவளைப் பேசி முடித்ததாம். ஊருக்குப் போய்ச் சொல்லலாம் என்று இருந்தானாம்.

புறப்படுவதற்கு முன் ஏன் சொல்லவில்லை என்று கேட்க வேண்டிய தேவையே இல்லை. சொல்லியிருந்தால் உருது பேச யார் கூட வந்திருப்பார்கள்? ஆனாலும் தாஸிம் கேட்டான். வந்த பதில் அதைவிடக் கேவலமாக இருந்தது.

"நீ மாப்புத் தந்துட்டாய்தானே, மச்சான். பள்ளிவாசல்ல வெச்சு அல்லாஹ்வுக்காக எண்டு சொன்னாய். அந்த மாப்பை வாங்கித்தான் நான் ஹஜ் செஞ்சன். இனி அதைத் திருப்பி எடுக்க ஏலாது."

அப்படியானால் அன்றைக்குக் கண் கலங்கியது பயண வருத்தத்தில் இல்லை. தெரிந்தே, இதற்காகவே, கழுத்தறுத்துவிட்டுத்தான் கட்டிப்பிடித்திருக்கிறான். தாஸிமுக்கு அடிக்கக் கை வரவில்லை. அழுகைதான் வந்தது. பாஷை புரியாத அந்தக் கடைவீதியில் எல்லாரும் பார்க்க நின்று அழுதான். லாகூர்க்காரர் ஊர் நினைப்போ என்று முதுகைத் தடவிக் கொடுத்தார்.

கையில் இருந்தது ஒரே அறைக்கு எடுத்த கப்பல் சீட்டு. ஒரு மாதம் முகத்தைப் பார்க்காமல் வந்தார்கள். அப்போதும் ஷுக்ரிக்குக் காய்ச்சல் வந்தபோது மருந்து கேட்டுக் கொடுத்தவன் தாஸிம்தான். இந்த இளகிய மனசுக்காகத் தாஸிமைத் திட்டலாம், ஆனால் அவன் அப்படித்தான். கொடுத்த மாப்பு தொண்டையில் முள்ளாக நின்றது. துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

பதுளைக்கு வந்த அன்றே றஷீதாவை உட்கார வைத்து, பூசி மெழுகாமல் எல்லாவற்றையும் சொன்னான். தான் மன்னித்துத் தொலைத்ததையும் சொன்னான். அவள் அழவில்லை.

"நாலு வருஷம் காத்துக்கொண்டு இருந்தது நான்தானே, வாப்பா. என்னட்ட அவர் மாப்புக் கேட்டாரா?"

தாஸிம் எழுந்து தெருவைக் கடந்தான். எதிர்ச் சாரியில் ஷுக்ரியின் வீடு நிறைய ஆட்கள், மக்காவிலிருந்து கொண்டுவந்த ஸம்ஸம் தண்ணீரை எல்லாருக்கும் அவன் ஊற்றிக்கொண்டிருந்தான். பக்கத்தில் நிஸாம்.

"நான் தந்த மாப்பு தந்ததுதான், ஷுக்ரி," என்றான் தாஸிம். "ஆனா நீ நாலு வருஷத்தைப் பறிச்சது என்னட்ட இல்ல, என்ட மகள்ட்ட. அவ எங்கட வீட்டுக் கதவுக்குப் பின்னால நிக்கிறா. வந்து, எதுக்கெண்டு சொல்லி, மாப்புக் கேளு."

ஷுக்ரி ஒருமுறை நிஸாமைப் பார்த்தான். பிறகு குனிந்து அடுத்தவருக்குத் தண்ணீர் ஊற்றினான்.

றஷீதா பின்னேரம் அஸர் பாங்கு சொல்லும்வரை கதவுக்குப் பின்னாலேயே நின்றாள். யாரும் வரவில்லை. போய் உட்காரு மகள் என்று தாஸிம் சொன்ன பிறகுதான் அசைந்தாள்.

"வந்து கேட்டிருந்தா குடுத்திருப்பன், வாப்பா," என்றாள்.