மிஸ்டர் சப்பா

...அதையாவது நிறுத்துகிறாரா பார், வந்து இருந்த நேரம் முதல் அந்த வலது கால் ஆடிக்கொண்டே இருக்கிறது, காத்திருப்பு மண்டபத்து வாங்கு முழுவதும் அதிர்கிறது, மற்றத் தொங்கலில் இருக்கிற வெள்ளைக்காரக் கிழவிகூட இரண்டு தரம் திரும்பிப் பார்த்துவிட்டாள், இவருக்கு உறைத்தால்தானே, உறைக்கிற மனுசன் என்றால் பெற்ற மகள் வாயும் வயிறுமாக லண்டனில் ஸ்ட்ரெதத்தில் இருக்க ஸ்கொட்லாந்தின் வடக்குத் தொங்கலில் போய்க் கடை வாங்குவாரா, என்று கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு றோஸ்மலர் நினைத்தாள். அடுத்த மாதம் பிள்ளைப்பேறு, அதுவும் தலைப்பிள்ளை, இதற்குத் தாய்க்காரி பக்கத்தில் நிற்காமல் வேறு எதற்கு நிற்பது, பிள்ளை பெற்றவளுக்குச் சரக்குக் காயம் யார் அரைத்துக் கொடுப்பது, பத்தியக்கறி யார் வைப்பது... மருமகனுடைய தாயா? அவள் மோர்டனில் இருந்துகொண்டு செவ்வாய் வெள்ளி விரதம் என்று மீன் சட்டியைக் கண்டாலே மூக்கைப் பொத்துகிறவள், அவளா சுறாவறை சுண்டிக் கொடுக்கப்போகிறாள்? பிள்ளைக்குப் பால் சுரக்காவிட்டால் யார் பதில் சொல்வது? இந்தக் கால் ஆட்டுகிற மனுசனா?

கார்க்கோச்சி. அப்படித்தான் இவர் இந்த ரயிலுக்குப் பேர் வைத்திருக்கிறார். அரசாங்க ரயில் இல்லை, யாரோ ஒரு தனியார் கொம்பனிக்காரன் ஓட்டுகிறது, மேற்கு லண்டனில் இந்த நிலையத்துக்குக் காரைக் கொண்டுவந்து ஒப்படைத்தால் அவர்களே ஓட்டிப்போய் வால்பக்கத்துப் பெட்டிகளில் ஏற்றிக் கட்டிவிடுவார்கள், ஆட்கள் முன்பெட்டியில் நித்திரை கொள்ளலாம், விடிய வடக்கே போய் இறங்கினால் காரும் கூடவே வந்திருக்கும். விளம்பரத்தைப் பேப்பரில் கண்ட அன்று இவருடைய முகத்தைப் பார்த்திருக்கவேண்டும், "எங்களையும் ஏத்தி எங்கடை காரையும் ஏத்துறான், இவனல்லோ மனுசன்" என்று கொம்பனிக்காரனை ஏதோ தன் மைத்துனன் மாதிரிப் புகழ்ந்துகொண்டு... ஏற்றட்டும், நன்றாக ஏற்றட்டும், காரை ஏற்றட்டும், காருக்குள் இருக்கிற தையல் மெசினை, மிளகாய்த்தூள் தகரங்களை, துவாயில் சுற்றிக் கிடத்தியிருக்கிற அந்தோனியார் சுருவத்தை எல்லாம் ஏற்றட்டும், அவற்றோடு சேர்த்து றோஸ்மலரையும் ஏற்றட்டும். போக விருப்பமா என்று அவளை யார் கேட்டது? காரைக் கேட்டார்களா, அவளைக் கேட்பதற்கு? கல்யாணம் கட்டின நாள் முதல் இவர் அவளிடம் கேட்ட கேள்விகள் எல்லாம் சோறு போட்டாயா, சேட்டு மினுக்கினாயா என்பதோடு முடிந்துவிடும், மிச்சமெல்லாம் கட்டளை.

எல்லாம் அந்த மானம் என்கிற சாமானால் வந்த வினை. தமிழ்ப் பூசையில் முன்வரிசையில் நின்று மன்றாட்டுச் சொல்லுகிறவர், கோயில் பங்கிலே யார் வீட்டில் நன்மை தின்மை என்றாலும் முதல் ஆளாக நிற்கிறவர், அப்படிப்பட்ட மிஸ்டர் செபமாலைமுத்துவின் மகள் ஒரு சைவக்காரப் பெடியனை, அதுவும் கோயிலிலும் இல்லை, கவுன்சில் கந்தோரில் கையெழுத்து வைத்துக் கட்டிவிட்டாள் என்றதும் வானம் இடிந்து இவர் தலையில்தான் விழுந்ததாம். கனகலிங்கம் என்ன குடிகாரனா, தெருப்பொறுக்கியா? பெட்டையைக் கண்ணுக்குள் வைத்துப் பார்க்கிறான், மாமி என்று வாய் நிறையக் கூப்பிடுகிறான். றெஜினா வந்து அழுதுவிட்டுப் போன அன்று மேசையில் இருந்து சாப்பிட்டுக்கொண்டே சொன்னாரே, "எனக்கு மகளெண்டு ஒருத்தியும் இல்லை", சொன்ன கையோடு, "சொதி கொஞ்சம் விடு". அவள் விட்டாள். இன்றைக்கும் அதை நினைத்தால் வயிறு எரிகிறது, அவர் சொன்னதற்குக்கூட இல்லை, தான் சொதி விட்டதற்கு. அதன் பிறகு பங்குச் சனத்தின் முகத்தில் முழிக்க ஏலாதாம், தமிழ்ச் சத்தமே கேட்காத இடத்துக்குப் போகவேண்டுமாம், கடலுக்குப் பக்கத்தில் ஒரு கடை கண்டுபிடித்துவிட்டார். நாளை மத்தியானத்துக்குள் போய்க் கடைப் பூட்டின் திறப்பைக் கையில் வாங்காவிட்டால் அந்த ஸ்கொட்லாந்துக் கிழவன் கடையை அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவானாம். கொடுக்கட்டுமே... மாதாவே, கொடுக்கட்டுமே.

தலைக்கு மேலே ஒலிபெருக்கி கரகரத்தது. பயணி மிஸ்டர் றெஜினல்ட் சப்பா உடனே கார் ஏற்றும் இடத்துக்கு வரவும், உங்கள் காரின் டிக்கி திறந்துவிட்டது, பூட்டிக் கட்டாமல் ஏற்ற முடியாது... சப்பா. அது வேறு யாருமில்லை, இந்த மனுசன்தான். கடவுளே, அந்த நைலோன் கயிறு, அவிழும் அவிழும் என்று அவள் சொன்னதுதானே, "எனக்குப் படிப்பிக்காதை, மன்னாரிலை வள்ளம் கட்டின கை இது" என்றாரே, வள்ளம் கட்டின கை கட்டின டிக்கி இப்போது வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. ஆனால் சப்பா என்பது தான்தான் என்று இவருக்கு எப்படித் தெரியும்? அவளுக்குத்தானே தெரியும். பதிவு செய்ய அவள்தானே ரெலிபோன் எடுத்தாள், இவருக்கு ரெலிபோனில் இங்கிலீஷ் என்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும், நேரில் என்றால் சமாளிப்பார். கார் ஓட்டுகிறவருடைய பேர் என்ன என்று அந்தப் பெண்பிள்ளை கேட்டதும் றோஸ்மலருக்கு அப்படியே வாய் அடைத்துவிட்டது. புருசன் பேரை அவள் ஒருநாளும் வாயால் சொன்னதில்லை, தாய் சொன்னதில்லை, மாமி சொன்னதில்லை, லண்டனுக்கு வந்தால் மட்டும் நாக்கு மாறிவிடுமா? செபமாலை சொல்லுவோம் என்று சொல்லவேண்டிய இடத்தில்கூட, அந்தச் சொல்லுக்குள் அவர் பேர் இருக்கிறதே என்று, "வாங்கோ, மாதாவின்ரை மணி உருட்டுவம்" என்பாள், பங்குச் சனம் வயிறு குலுங்கச் சிரிக்கும். இஞ்சாருங்கோ, றெஜினாவின்ரை அப்பா, இந்த இரண்டையும் வைத்துக்கொண்டே காலத்தை ஓட்டிவிட்டாள். அதனால் வாயில் வந்ததைச் சொன்னாள், "றெஜினாஸ் அப்பா". அந்தப் பக்கத்தில் கொஞ்சம் யோசித்துவிட்டு, றெஜினல்ட் சப்பாவா என்று கேட்டாள் அந்தப் பெண்பிள்ளை. இல்லை என்று சொல்லியிருக்கலாம், எழுத்துக் கூட்டிக் கொடுத்திருக்கலாம்... ஓம் என்றாள். ஏன் ஓம் என்றாள்? மகள் இல்லை என்கிற மனுசனுக்கு மகள் பேரில் ஒரு பேர் எதற்கு, சப்பா போதும், சப்பையான மனுசனுக்குச் சப்பா நல்ல பொருத்தம் என்று ஒரு வன்மம். ரிக்கற் வந்ததும் கைப்பைக்குள் வைத்தாள், வாசலில் காட்டியதும் அவள்தான், அப்போது இவர் காருக்குப் பின்னால் கயிற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

சொல்லவேண்டும். இப்போதே, இஞ்சாருங்கோ உங்களைத்தான் கூப்பிடுகிறான் என்று... ஏன் சொல்லவேண்டும்? அவள் என்ன பொய்யா சொல்லுகிறாள், கயிற்றை அவளா அவிழ்த்தாள்? சும்மா இருக்கிறாள், அவ்வளவுதான், சும்மா இருப்பதும் பாவமா, பாவசங்கீர்த்தனத்தில் இதை எந்தக் கணக்கில் சொல்வது? சாமி, நான் சும்மா இருந்தேன். கார் ஏறாவிட்டால் இவர் ஏறமாட்டார், காரை விட்டுவிட்டுப் போகிற ஆளா, பெண்சாதியை விட்டாலும் காரை விடமாட்டார், அப்படியென்றால் நாளைக்குத் திறப்பு இல்லை, கடை இல்லை, குளிரும் கடலும் இல்லை, றெஜினாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் நிற்கலாம். இவ்வளவு லேசா? உள்ளுக்குள் ஒரு சந்தோசம் புளித்த மாப்போலப் பொங்கியது, அதைப் பார்த்து அவளுக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது, வெட்கத்தோடு சேர்ந்தே இன்னும் பொங்கியது. கண்ணாடிக்கு அப்பால் கார்கள் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருந்தன, எல்லாம் நல்ல கார்கள், பெண்சாதிக்குக் கதவு திறந்துவிடுகிற துரைமாருடைய கார்கள். மறுபடியும் ஒலிபெருக்கி கூப்பிட்டது, மிஸ்டர் சப்பா, மிஸ்டர் றெஜினல்ட் சப்பா. இவர் மூக்கைச் சொறிந்துகொண்டு, அவளைப் பார்க்காமலே சொன்னார்.

"ஆரோ ஒரு விசரன். காரைக் கட்டத் தெரியாதவனுக்கெல்லாம் என்னத்துக்குப் பயணம்?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, இருமினது மாதிரி மறைத்தாள். "ஓம், விசரன்தான்" என்றாள், இந்த வருசத்தில் இவர் சொன்னதை அவள் முதன்முதலாக ஒத்துக்கொண்டது அதுதான். பேசட்டும், தன்னைத்தானே பேசட்டும், இந்த மனுசனுக்கு இதைவிடப் பெரிய தண்டனை யார் கொடுப்பது? பிறகு மூன்றாந்தரமும் கூப்பிட்டார்கள், இதுதான் கடைசி அறிவித்தல் என்றார்கள், அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு இருந்தாள், இவர் கையைக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருந்தார். அந்தச் சுவரில் பார்க்க ஒன்றும் இல்லை. கதவு திறந்தது. கொம்பனியின் சட்டை போட்ட ஒருவன், மூச்சு வாங்க, கையில் ஒரு துண்டுக் கடதாசியோடு உள்ளே வந்து ஒவ்வொரு வாங்காகப் பார்த்தான், மிஸ்டர் சப்பா இங்கே இருக்கிறாரா? அவனுடைய கண் இவர்களில் வந்து நின்றது, நிற்காமல் என்ன செய்யும், அந்த மண்டபத்திலேயே மண்ணிறத் தோல் இரண்டு பேர்தானே. சேர், நீங்களா? இல்லை, அது நாங்கள் இல்லை என்று சொல்ல றோஸ்மலர் வாயெடுத்தாள், பொய்யைத் துணிந்து சொல்லப்போகிறாள், அதற்குள் இவர் எழும்பிவிட்டார்.

"நொட் சப்பா," என்றார் அந்த மனுசன், இங்கிலீஷில், ஒவ்வொரு சொல்லாக வைத்து. "றெஜினாஸ் அப்பா. ஐ ஆம் றெஜினாஸ் அப்பா."

அந்த வெள்ளைக்காரனுக்கு அது ஒரு விசயமே இல்லை, யாராய் இருந்தாலும் சரி சேர், இப்போதே வந்தால் ஏற்றலாம், இல்லையென்றால் கார் நின்றுவிடும் என்றான். மகள் இல்லை என்ற வாயா இது? இத்தனை மாதம் அந்தப் பேரை வீட்டுக்குள் விடாத வாய், நடுச்சபையில், முன்பின் தெரியாத ஒருவனுக்கு... அதைவிட, எப்படித் தெரியும், இவருக்கு எப்படித் தெரியும்? அவளுடைய முகத்தில் அந்தக் கேள்வி எழுதி ஒட்டியிருந்திருக்கவேண்டும்.

"நீ ரெலிபோனிலை கதைக்கேக்கை நான் படியிலை நிண்டனான்," என்றார்.

படியில் நின்றாராம். அப்படியென்றால் அன்றைக்கே தெரியும், பேசவில்லை, கத்தவில்லை, ஒரு சின்னப் பிழைக்கும் வீட்டை இரண்டாக்குகிற மனுசன் சப்பா என்ற பேரை விழுங்கிக்கொண்டு இருந்திருக்கிறார். அப்படியென்றால் முதல்தரம் கூப்பிட்டபோதும் தெரியும், இரண்டாந்தரமும் தெரியும், விசரன் என்று பேசினாரே, அது... மாதாவே, அது தெரிந்துதான் பேசினாரா? மூன்று தரமும் கேட்டுக்கொண்டு, அவளைப் போலவே, அவளுக்குப் பக்கத்திலேயே, சும்மா இருந்தாரா? கார் ஏறாமல் போகட்டும் என்றா இருந்தார்? போக விருப்பமில்லை என்றால் சொல்லித் தொலைக்கிறதுதானே, யார் வேண்டாம் என்றது, பங்கெல்லாம் போய்ச் சொல்லிவிட்டேன், இனி எப்படி நிற்பது என்று ஒரு வார்த்தை... அதை எப்படிச் சொல்லுவார், இவருக்கு ரெலிபோனில்தானே இங்கிலீஷ் வராது, இதற்கு எந்தப் பாசையும் வராது. அவளுக்கு இரக்கம் வரவில்லை, கோபம்தான் முன்னையைவிட மூண்டு வந்தது, அப்படியென்றால் இந்த மாதங்கள் எல்லாம் நான் யாரோடு சண்டை பிடித்தேன், படுபாவி, நீயும் என் பக்கத்திலேயா நின்றாய்? இவர் இன்னும் நின்ற இடத்திலேயே நின்றார். கொம்பனிக்காரன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான்.

"இஞ்சேர்," என்றார். "போய்க் கட்டட்டோ, விடட்டோ?"

கேட்கிறார். இந்த மனுசன் அவளிடம் கேட்கிறார். கட்டளை போட்டிருந்தால் திருப்பிக் கொடுக்க ஆயிரம் பதில் வைத்திருந்தாள், இரவு பகலாகத் தீட்டி வைத்த பதில்கள், ஒன்றாவது கேள்விக்குப் பொருந்துகிறதாக இல்லை. விடுங்கோ என்று சொல்ல எவ்வளவு நேரம், ஒரே ஒரு சொல், சொன்னால் றெஜினா, சொன்னால் பேரப்பிள்ளை... ஆனால் சொன்னால் அது அவள் சொன்னதாகிவிடும். நாளைக்குப் பங்குச் சனம் சிரித்தால், கடை போனதே என்று இவர் ராவில் எழும்பியிருந்தால், எல்லாவற்றுக்கும் அவள் சொன்ன சொல்தான் முன்னுக்கு வந்து நிற்கும், இவ்வளவு காலமும் எல்லாப் பழியையும் இவர் தலையில் போட்டுவிட்டு நிம்மதியாக வெறுத்துக்கொண்டு இருந்தாளே, அந்த நிம்மதி போய்விடும். அதற்காகவா யோசிக்கிறேன், சீ, பெற்ற மகளைவிடவா அது பெரிது? இல்லை, இல்லவே இல்லை, பிறகு ஏன் வாய் திறக்கவில்லை... சேர், மேடம், நேரமில்லை என்றான் வாசலில் நின்றவன். இவர் அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். புருசன் பேரை மட்டும்தான் தன் நாக்கு சொல்லாது என்று றோஸ்மலர் நினைத்திருந்தாள்.