அலறல், வெர்ஷன் ஏழு

லாலாகுடாவில் மாதவ் கிடாரை ஆம்ப்ளிஃபயரில் செருகினால் ரயில்வே பட்டறைச் சங்கே கூச்சப்பட்டு வாயை மூடிக்கொள்ளும். வட்டாரக் காக்கைகள் ஒட்டுமொத்தமாக ஊரைக் காலி செய்துகொண்டு போயின. பகலில் ஹைடெக் சிட்டியில் புரோகிராம் எழுதுகிற மாதவ், விடுமுறைகளில் 'கொதிகலன்' என்கிற ராக் குழுவின் பாடகன். மற்ற மூவரும் அதே ஆபீஸ்.

2004-இல் அவர்களுடைய முதல் ஆல்பமான 'அலறல்' பதிவாகி முடிந்தது. எட்டுப் பாட்டு. எட்டும் வேலையைத் தூக்கி எறியச் சொல்லும் பாட்டு.

பாலாநகர் தொழிற்சாலையில் விமானக் கருவிகளோடு முப்பது வருஷம் மாரடித்த அப்பா ஜகதீசன் கெடு வைத்தார்.

"கைக்குடா, எதுக்குடா இந்தக் கூத்து? மூணு மாசம் டைம். முன்னபின்ன தெரியாதவன் வீட்ல இந்த சிடி ஓடணும். ஓடினா வேலையை விட்டுடு, ராஜினாமா லெட்டரை நானே எழுதித் தரேன். ஓடலேன்னா கிடார் பரண்ல, நீ கம்பெனி அனுப்பற அமெரிக்கால. சரியா?"

"ஹவ்ப்பா, சரி."

சிடியை உடனே வெளியிட்டிருக்கலாம். டிரம்ஸ் வாசிக்கும் தினேஷ்தான் குறுக்கே நின்றான்.

"டெஸ்டிங் பண்ணாம ரிலீஸா? மச்சான், பாவம்டா அது!"

ஆக, ஆல்பம் ஐந்தாவது மாடி டெஸ்டர் தாரிணியிடம் போனது. சூரியோதயத்தைக் காட்டினாலும் மூன்று குறை எழுதித் தருகிறவள். இரண்டே நாளில் நூற்று நாற்பத்து மூன்று குறைகளோடு எக்ஸெல் பட்டியல் வந்தது.

'பாட்டு 1: கிடாரில் கர்ரென்று இரைச்சல். வயர் லூஸா? பாட்டு 3: பாடகர் கத்துகிறார். எதிர்பார்த்தது: பாடுதல்.'

மாதவ் ஐந்து மாடியும் படியேறி ஓடினான். "தாரிணி, அது கோபம்! வேணும்னே வெச்சது!"

"கோபம் வேணும்னு ரெக்வயர்மென்ட்ல எங்க எழுதியிருக்கு, காட்டுங்க."

எங்கேயும் எழுதியிருக்கவில்லை. பட்டியலில் சிவப்பு வரி ஒன்று பாக்கியிருந்தால் இந்த நால்வருக்கும் சோறு இறங்காது. "இந்த ஒண்ணை மட்டும் க்ளோஸ் பண்ணிடலாம்டா" என்று தினேஷ் ஆரம்பித்தான். இரண்டாம் வெர்ஷனில் இரைச்சல் போனது. நான்காவதில் டிரம்ஸுக்குள் தலையணை புகுந்தது. ஆறாவதில் அலறல் தேய்ந்து 'ம்ம்ம்' ஆனது. ஏழாவதில் குறை பூஜ்யம்! கேக் வெட்டினார்கள், ஆயிரம் சிடி அச்சடித்தார்கள். அதன் பிறகே முழுதாகப் போட்டுக் கேட்டார்கள். இரண்டாவது பாட்டிலேயே தினேஷ் கேக்கின்மேல் முகம் வைத்துத் தூங்கிவிட்டான்.

அமீர்பேட்டில் யாரோ வாங்கிப்போன சிடியைக் கேட்டு, பதினோரு மாதமாகக் கண்மூடாத குழந்தை ஒன்று முதல் பாட்டு முடிவதற்குள் குறட்டை விட்டது. அவ்வளவுதான். தொட்டிலுக்குத் தொட்டில் சிடி பரவியது. மாநகரம் முழுக்க ஐ.டி. அப்பாக்கள் வரலாறு காணாத தெளிவான முகத்தோடு ஆபீஸுக்கு வந்தார்கள்.

"ஜெயிச்சுட்டடா! லெட்டர் ரெடி, கையெழுத்துப் போடு" என்றார் ஜகதீசன்.

"அது என் பாட்டே இல்லப்பா. இப்ப வேலையை விட்டா ஆயுசுக்கும் தாலாட்டுதான் பாடணும்."

"ஓடணும்னுதானே பேச்சு. எந்தப் பாட்டுன்னா பேசினோம்?"

மாதவ் கையெழுத்துப் போடவில்லை.

ரசிகர்கள் விடவில்லை. ஞாயிறு மாலை, வாடகை மண்டபத்தில் 'கொதிகலன்' நேரடிக் கச்சேரி. இருநூறு தாய்மார்கள், தோளில் இருநூறு குழந்தைகள். 'ம்ம்ம்' என்று தொடங்க வாயைத் திறந்த மாதவ், முன்வரிசையில் ஒரு பொக்கைவாய் கொட்டாவியைப் பார்த்தான். அவனுக்குள் என்னவோ அறுந்தது. ஆம்ப்ளிஃபயரை முழுசாகத் திருகிவிட்டு, முதல் பாட்டின் முதல் வெர்ஷனை அப்படியே அலறினான்.

இருநூறு குழந்தைகளும் ஒரே நொடியில் விழித்து, முஷ்டியை உயர்த்தி, முகம் சிவக்க, அவனோடு சேர்ந்து அலறின. அதுவும் தாளம் தப்பாமல்! அவனோடு சேர்ந்து பாடிய முதல் ரசிகர் கூட்டம் அதுதான். மாதவின் கண் கலங்கிவிட்டது.

தாய்மார்கள் செருப்பைக் கழற்றினார்கள். மேடை ஓரத்திலிருந்து ஜகதீசன் கத்தினார்: "டேய், இறங்கி ஓடுடா!"

"நக்கோப்பா, மாட்டேன்! இன்னும் ஏழு பாட்டு பாக்கி. அந்த லெட்டரை எடுங்க, இப்பவே கையெழுத்துப் போடறேன்!"